பதினோரு அடிக்கு மூன்று மீட்டர்

சேவூர் போகும் வழியில் இருக்கிற எங்கள் தெருவில் புதிதாகக் கட்டிய வீடு ஒன்று இருக்கிறது. கூடம் மற்ற வீடுகளைப் போலத்தான் இருக்கும். கூடத்திலிருந்து தறி அறைக்குப் போக மட்டும் இரண்டு படி இறங்க வேண்டும். முதல்முறை வருகிறவர்கள் எல்லோரும் அந்த இடத்தில் தடுமாறி, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, "இன்னாது இது, வூட்டுக்குள்ள பள்ளம்?" என்று கேட்பார்கள். பள்ளத்தின் ஆழம் பதினான்கு அங்குலம். எனக்குப் பிடித்த அளவில் சொன்னால் முப்பத்தைந்து சென்டிமீட்டர். எந்த அளவில் சொன்னாலும் அது என் வேலை.

நான் சிவில் இன்ஜினியரிங் படித்தவள். ஆரணி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பொறியாளர் அலுவலகத்தில் வரைபடம் போடுகிறேன். கல்லூரியிலிருந்தே எனக்கு மெட்ரிக் பைத்தியம். பத்துப் பத்தாகப் பெருகும், பத்துப் பத்தாகக் குறையும், புள்ளியை நகர்த்தினால் போதும், எவ்வளவு சுத்தமான ஏற்பாடு! இந்தப் பக்கம் அடிக்குப் பன்னிரண்டு அங்குலம், கஜத்துக்கு மூன்று அடி, அங்குலத்தைப் பிரித்தால் எட்டில் ஒரு பங்கு, அதையும் பிரித்தால் பதினாறில் ஒரு பங்கு. மனுஷன் கணக்கா இது என்று கேட்பேன். கேட்க ஆள் கிடைத்தால் விடமாட்டேன்.

எங்கள் ஊரைப் பார்த்தாலே எனக்கு எரிச்சலாக வரும். பட்டுப் புடவையின் நீளத்தை மீட்டரில் சொல்கிறார்கள், அகலத்தை அங்குலத்தில் சொல்கிறார்கள். ஒரே புடவை! ஐந்தரை மீட்டரை நாற்பத்தெட்டு அங்குலத்தால் பெருக்கினால் என்ன பரப்பளவு வரும் என்று கடைக்காரரிடம் ஒருமுறை கேட்டேன். "பெருக்கி இன்னா பண்ணப் போற? கட்டிக்கப் போறியா, பயிர் வைக்கப் போறியா?" என்றார். பட்டு நூல் கிராமில், தங்கம் பவுனில். பூ முழத்தில், பால் லிட்டரில். மனை சென்ட்டில், வீடு சதுரத்தில். வெயில் நாற்பத்திரண்டு டிகிரி, காய்ச்சல் நூற்றிரண்டு டிகிரி. இரண்டும் டிகிரிதான், யாருக்கும் சந்தேகமே வருவதில்லை. எனக்குக் காய்ச்சல் வந்தபோது அம்மா தெர்மாமீட்டரை வெளிச்சத்தில் பிடித்து "நூத்தி ரெண்டு" என்றாள். "முப்பத்தெட்டு புள்ளி ஒன்பதும்மா" என்றேன் போர்வைக்குள்ளிருந்து. "படுத்துகினு கீறவ பேசற பேச்சா இது?" என்று அம்மா ஈரத்துணியை நெற்றியில் அறைந்துவிட்டுப் போனாள்.

இதெல்லாம் சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது, பக்கத்து மனையில் வீடு கட்ட ஆரம்பிக்கும்வரை.

அந்த மனை ஒரு நெசவாளர் தம்பதியுடையது. இருவரையும் சிறு வயதிலிருந்து தெரியும். அவர் எனக்கு மாமா, அவர் மனைவி அக்கா. அந்த முறை எப்படி வந்தது என்று யாரும் கேட்டதில்லை. இரண்டு தெரு தள்ளி ஒரு தகரக் கொட்டகையில் வாடகைக்கு இடம் பிடித்துத் தறி போட்டிருந்தார்கள். கொட்டகைக்காரர் அங்கே விசைத்தறி இறக்கப்போவதாகவும், ஆவணிக்குள் தறியைக் கழற்றிக்கொள்ள வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். தறி நிற்க ஓர் இடம் வேண்டும். அவர்கள் வீடு கட்டியதே அதற்காகத்தான். தூங்க இடம் கொஞ்சம் இடுக்கமானாலும் பரவாயில்லை, தறி அறை சரியாக அமைய வேண்டும் என்று அக்கா சொன்னாள்.

வரைபடம் போட என்னைக் கேட்டார்கள். அலுவலகத்தில் அதுவரை மற்றவர்கள் போட்டதைத் திருத்திக்கொண்டுதான் இருந்தேன். முதன்முதலாக எனக்கே எனக்கென்று ஒரு வீடு! அன்று மாலையே டேப்பை எடுத்துக்கொண்டு மனைக்குப் போய்விட்டேன்.

மாமா ஒரு முனையைப் பிடிக்க, நான் ஓடி ஓடி அளந்தேன். அவர்கள் அடியில் சொல்லச் சொல்ல, நான் மனக்கணக்காக மீட்டரில் எழுதினேன். அந்த வேகம் எனக்கே பிடித்திருந்தது. கடைசியில் தறி அறையின் உயரத்துக்கு வந்தோம்.

"உள் உயரம் பதினோரு அடி வேணும்மா" என்றார் மாமா.

"பதினோரு அடியா? வீட்டுக்குப் பத்தே அதிகம், மாமா."

"வூட்டுக்கு இல்ல, தறிக்கு." அக்கா கையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினாள். "தறி மேல பூ போடற ஜக்கார்டு பெட்டி உச்சி ஒம்பது அடி வருது. பூ வேலைக்கு ஓட்ட போட்ட அட்ட மாத்தணும்னா நான்தான் மேல ஏறிக் குந்தணும். குந்த ரெண்டு அடியாச்சும் வேணும்ல? இவரு ஏறினா தறியே சாஞ்சிடும்."

"ஆமா, நான் ஏறினா பெட்டி கீழ, நான் மேல, வூடு நடுத்தெருவுல" என்றார் மாமா. சிரித்தோம்.

பதினோரு அடி என்றால் மூன்று புள்ளி மூன்று ஐந்து மீட்டர். தாளில் அந்த எண் எனக்கு அசிங்கமாகப் பட்டது. எங்கள் அலுவலக வரைபடங்களில் எல்லாம் உயரம் 3.00 என்றுதான் இருக்கும். இரண்டு சுழியோடு, வட்டமாக, அழகாக. அப்போது என் மனதில் ஓடியதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். அடியில் பேசுகிறவர்கள் உத்தேசமாகப் பேசுகிறவர்கள் என்று நினைத்தேன். பதினொன்று என்று வாயில் வந்திருக்கும், பத்து என்றாலும் தலையாட்டியிருப்பார்கள் என்று நினைத்தேன். அக்கா கையைத் தூக்கிக் காட்டியதைக் கைவீச்சாகத்தான் பார்த்தேன். அவளும் மாமாவும் அதற்கு முந்தின வாரமே பழைய தறியில் ஏறி, ஒருவர் டேப்பைப் பிடிக்க ஒருவர் படித்து, இரண்டு தடவை அளந்திருந்தார்கள். அது பிற்பாடுதான் எனக்குத் தெரிந்தது. கேட்டிருந்தால் அப்போதே சொல்லியிருப்பார்கள்.

3.00 என்று எழுதினேன். மாற்றியிருக்கிறேன் என்று அவர்களிடம் சொல்லவில்லை. சொன்னால் ஒத்துக்கொள்ளமாட்டார்கள் என்று தெரிந்ததால்தான் சொல்லவில்லை.

கட்டிய மேஸ்திரி ஐம்பது வயதுக்காரர். ஸ்கூட்டரில் சிமெண்ட் பூசும் கரணையும் தூக்குக்குண்டும் ஆடிக்கொண்டே வரும். வரைபடம் முழுக்க மீட்டரில் இருப்பதைப் பார்த்ததும் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பாப்பா, இதுல அடி எங்க கீது?"

"அடியே கிடையாதுண்ணா. உங்க டேப்புல கீழ் வரிசை இருக்கில்ல, அதுல பாருங்க. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு போட்டிருக்கும்."

"என் கட்டவெரலு அங்குலத்துல வளந்துச்சு. அதப் போய் இப்ப சென்டிமீட்டர்ல வளரச் சொல்றியே" என்றார். ஆனாலும் நான் சொன்னபடியே கீழ் வரிசையைப் பார்த்துத்தான் கட்டினார். சந்தேகம் வந்தால் எனக்குப் போன் செய்வார். படித்த பெண் சொல்கிறாள் என்ற மரியாதை அதில் இருந்தது. எனக்கு அது போதையாக இருந்தது.

கூரைக்கு சென்ட்ரிங் பலகை அடிக்கிற அன்று காலை அலுவலகத்துக்குப் போகும் வழியில் நின்றேன். மேஸ்திரி தறி அறை நடுவில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாப்பா, உயரம் கம்மியா தெரியுதே. அவங்க தறி பெருசாச்சே?"

அளக்கவில்லை, கண்ணாலேயே பார்த்துச் சொன்னார். அந்த நிமிடம் நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான்கு வரிசை செங்கல் அதிகம் வைத்து விஷயம் முடிந்திருக்கும். எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அதைவிட, என் தாளை ஒருவர் கண்ணால் திருத்துவது பிடிக்கவில்லை.

"தாள்ல இருக்கறபடி கட்டுங்கண்ணா. அது சரியாதான் இருக்கும்."

"நீ சொன்னா சரி" என்றார்.

கூரை போட்டாயிற்று. தண்ணீர் கட்டி ஆறவைத்து, பலகை பிரித்து, பூசி, வெள்ளையும் அடித்தாயிற்று. ஆவணியில் ஒரு காலை மாமா தறியின் கம்பங்களைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். ஒரு கம்பத்தை நிமிர்த்திச் சுவரோடு வைத்தார். மேலே பார்த்தார். டேப்பை எடுத்தார். நான் என் வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியாக அவர் மூன்றாவது முறை அளப்பது தெரிந்தது. துணியை அப்படியே போட்டுவிட்டு இறங்கினேன்.

"ஒம்பது அடி பத்து அங்குலம்தான்மா கீது" என்றார் நான் போனபோது. கோபம் இல்லை, குழப்பம்தான் இருந்தது. "பதினோரு அடி சொன்னோமே?"

அக்கா கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பெட்டிய கொஞ்சம் கீழ எறக்கிக்க முடியாதா மாமா?" என்று கேட்டேன்.

"எறக்கினா கயிறெல்லாம் குட்டையாயிடும். நடு இழை ஒரு மாதிரி தூக்கும், ஓரத்து இழை ஒரு மாதிரி தூக்கும். பூ கோணிக்கும். எறக்காம வச்சா பத்து அங்குல சந்துல இவ எப்படிப் பூந்து அட்ட மாத்துவா? இவ இன்னா பல்லியா?"

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. கொட்டகையைக் காலி செய்ய இன்னும் எட்டு நாள்தான் இருந்தது.

"மேஸ்திரிய நாளைக்குக் காலைல வரச் சொல்லுங்க மாமா. தாள வச்சுப் பாத்துடலாம்" என்றேன்.

தாளைப் பார்த்தால் 3.00 என்று இருக்கும். எனக்குத் தெரியும். அது அந்த அறையிலேயே ஓர் ஆணியில் மாட்டியிருந்தது.

அன்று மதியம் அலுவலகத்தில், என் கணினியில் அந்த வரைபடத்தைத் திறந்தேன். 3.00 என்பதை அழித்து 3.35 என்று போட்டேன். இரண்டு எழுத்து மாற்றம், இரண்டு விநாடி வேலை. பஸ் ஸ்டாண்ட் ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்தேன். வெள்ளை வெளேர் என்று இருந்தது. நான்காக மடித்து, பிரித்து, மறுபடி மடித்தேன். மனையில் கிடந்த சிமெண்ட் சாக்கின் உட்புறத்தில் வைத்துத் தேய்த்தேன். ஓரத்தில் எச்சில் தொட்டு ஒரு விரல் ரேகை கூடப் பதித்தேன். பிறகு ஆணியில் இருந்த தாளை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு, இதை மாட்டிவிட்டு வந்தேன். இவ்வளவும் பட்டப்பகலில், ஒருவரும் என்னைச் சந்தேகமாகப் பார்க்கவில்லை. நான் இன்ஜினியர்.

மறுநாள் காலை மேஸ்திரி வந்தார். மாமாவும் அக்காவும் நின்றார்கள். அவரே ஆணியிலிருந்து தாளை எடுத்துப் பார்த்தார். நான் விரலை வைத்துக் காட்டினேன்.

"மூணு புள்ளி மூணு அஞ்சுன்னு போட்டிருக்கேன், பாருங்கண்ணா. பதினோரு அடி."

தாளைக் கண்ணருகே கொண்டுபோனார். "மூணுன்னுதானே பாத்தேன்..." என்றார்.

"புள்ளிக்கு அப்புறம் இருக்கறத விட்டுட்டீங்க போல."

"அன்னிக்கு சென்ட்ரிங் அடிக்கும்போது உயரம் கம்மியா தெரியுதுன்னு உன்ன கேட்டேனே பாப்பா?"

"கேட்டீங்க. தாள்ல இருக்கறபடி கட்டுங்கன்னு சொன்னேன்."

இந்தக் கடைசி வாக்கியத்தில் பொய் எதுவும் இல்லை. அதனால்தான் அதை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

மேஸ்திரி தாளை மடித்து வைத்தார். "அப்ப நான்தான் தப்பா பாத்துட்டேன்" என்றார், மாமாவைப் பார்த்து. "அடி அங்குலத்துலயே இருந்த ஆளு. புள்ளி புரியல. மன்னிச்சுக்க."

மாமா கத்தினார். என்னிடம் கத்தாத கத்தலையெல்லாம் அவரிடம் கத்தினார். "தெரியலன்னா கேக்கறதுக்கு இன்னா? படிச்ச பொண்ணு பக்கத்து வூட்லயே கீது. ஒரு வார்த்த கேக்கறதுக்கு இன்னா பேஜாரு உனக்கு?" நான் அவர் பக்கத்தில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பொறுப்பானவள் சங்கடப்படுவது போல அது இருந்திருக்கும்.

வழி சொன்னது அக்காதான். "மேல போவ முடியாது. கீழ போலாம்ல?" என்றாள். தறி அறையின் தரையை மட்டும் பதினான்கு அங்குலம் வெட்டி இறக்கினால் பதினோரு அடி கிடைத்துவிடும். எங்கள் ஊர்த் தறி குழித் தறி, நெய்கிறவர் கால் தொங்கும் குழி ஏற்கெனவே தரைக்குக் கீழே இரண்டரை அடி போகும். இப்போது அந்தக் குழியும் பதினான்கு அங்குலம் கீழே போகும். மேஸ்திரி கூலி வாங்காமல் மூன்று நாள், ஆளும் வைக்காமல், தானே கடப்பாரை போட்டு வெட்டினார். புதிதாகப் போட்ட தரையை அவர் உடைக்கிற சத்தம் என் அறைக்குக் கேட்கும். நான் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டேன்.

ஏழாவது நாள் தறி அந்த அறையில் எழும்பி நின்றது. பெட்டி ஏறியது. அக்கா மேலே ஏறிக் குந்தி அட்டை மாற்றினாள். அதோடு முடிந்துவிட்டது என்று என்னை நானே நம்ப வைத்துக்கொண்டேன்.

முடியவில்லை. ஐப்பசி மழையில் அந்தக் குழியில் ஊற்று எடுத்தது. கொட்டகையில் ஒருநாளும் வராத தண்ணீர். அக்கா ஒரு பிளாஸ்டிக் குவளையால் மொண்டு மொண்டு வாளியில் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஈரக் காற்றில், தறியில் நீளவாக்கில் கட்டிய பாவு இழைகள் தொய்ந்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. நான்கு நாள் தறி ஓடவில்லை. மிதிகட்டையில் கால் வைத்தால் கணுக்கால் வரை சில்லென்று இருக்கிறது என்றாள். "மேஸ்திரி கண்ணு அவிஞ்சதுக்கு என் காலு மாட்டிகினு சீரழியுது" என்றாள். நான் அவளுக்கு வாளி தூக்கிக் கொடுத்தேன். அவள் எனக்கு டீ போட்டுக் கொடுத்தாள். குடித்தேன்.

அந்த மாதத்திலேயே மாமாவின் தம்பி, பின் தெருவில் வீடு கட்ட வேறு மேஸ்திரியைப் பேசிவிட்டார். அந்த வேலை இவருக்கென்று முதலில் சொல்லி வைத்திருந்தது. டீக்கடையில் மாமா விஷயத்தைச் சொல்லி, அது ஒரு கதையாகிவிட்டிருந்தது. புள்ளியை விழுங்கிய மேஸ்திரி என்றார்கள். "அவர வச்சு மூணு மாடி கட்டினா ரெண்டு மாடிதான் வரும்" என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்ததாக என் அம்மாவே வந்து சொன்னாள். அவளும் சிரித்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி இருக்கும். வாசலில் ஸ்கூட்டர் சத்தம். மேஸ்திரி. சட்டைப் பையில் புது டேப், மூக்கில் புதுக் கண்ணாடி.

"பாப்பா, ஜல்தி இல்லன்னா ஒரு அரமணி நேரம் குடு. இந்த மீட்டர் கணக்கு எனக்கு சொல்லிக் குடு. இன்னொரு வாட்டி இப்படி ஆவக்கூடாது."

உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தேன். வேறென்ன செய்ய? டேப்பைத் தரையில் நீட்டினோம். நூறு சென்டிமீட்டர் ஒரு மீட்டர். புள்ளிக்கு முன்னால் முழு மீட்டர், புள்ளிக்குப் பின்னால் சென்டிமீட்டர். அவ்வளவுதான். 2.10 என்று எழுதினேன், கதவு உயரத்தைச் சரியாகக் காட்டினார். 0.23 என்று எழுதினேன். "ஒம்பது அங்குல செவுரு" என்றார் உடனே. 1.20, 0.90, 4.57, எதைக் கொடுத்தாலும் விரல் டேப்பில் சரியாகப் போய் நின்றது. பத்து நிமிடம்கூட ஆகவில்லை. இத்தனை வருடம் இதன் சுலபத்தைப் பற்றி ஊருக்கெல்லாம் பிரசங்கம் செய்திருக்கிறேன், இவ்வளவு வேகமாகக் கற்றுக்கொண்ட ஆளைப் பார்த்ததில்லை.

அவர் கடைசியாகத் தானே ஒன்று எழுதினார். 3.35. டேப்பை இழுத்து அந்த இடத்தில் விரலை வைத்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"இவ்ளோ சுலுவாவா கீது? அப்ப நான் எப்படி பாப்பா தப்பா பாத்தேன்?"

குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. நிஜமாகவே கேட்டார். பதில் என்னிடம் இருக்கும் என்று நம்பிக் கேட்டார்.

"மூணுன்னு பாத்தது ஞாபகம் கீது. ரெண்டு சுழி பாத்ததும் ஞாபகம் கீது. அப்புறம் பாத்தா முப்பத்தஞ்சு. கண்ணுதான் போச்சுன்னு பயந்துகினு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவங்க ஒண்ணும் பெருசா இல்லன்னாங்க. நான்தான் விடாப்பிடியா கண்ணாடி எழுதி வாங்கினேன். வூட்ல கூட சொல்லல. கண்ணு போன மேஸ்திரிய யாரு கூப்பிடுவா?"

நான் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று அழகாக எழுத வரவில்லை. முதலில் "நீங்க சரியாதான் பாத்தீங்க" என்றேன். அவருக்குப் புரியவில்லை. பிறகு கணினி, ஜெராக்ஸ் கடை, சிமெண்ட் சாக்கு எல்லாவற்றையும் வரிசை இல்லாமல் சொன்னேன். விரல் ரேகையை மட்டும் சொல்லவில்லை. அதை இங்கேதான் முதல்தடவையாகச் சொல்கிறேன்.

அவர் டேப்பின் பொத்தானை அழுத்தினார். அது சர்ரென்று உள்ளே போயிற்று. அடிப்பார் என்று நினைத்தேன், அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

"என் கைய நானே நம்பாம ஒண்ணரை மாசம் வேல செஞ்சேன்" என்றார். "ஒவ்வொரு கல்லுக்கும் ரெண்டு வாட்டி குண்டு விட்டுப் பாத்தேன். சித்தாளுங்க சிரிச்சாங்க." எழுந்தார். "நீயே போய் அவங்க வூட்ல சொல்லு. நான் கூட வரமாட்டேன்."

உடனே போனேன். நாளை என்று வைத்தால் போகமாட்டேன் என்று எனக்குத் தெரியும். மாமா பாவு சரிசெய்துகொண்டிருந்தார், அக்கா குழியில் கால் விட்டுத் தறியில் இருந்தாள். படியிலேயே நின்று சொன்னேன். தறிச் சத்தம் நின்றது.

அக்கா என்னைப் பார்க்காமல் புடவையின் ஓரத்தை நீவிக்கொண்டே பேசினாள். "பதினோரு அடின்னு நான் சொல்லும்போது உன் கைல பேனா ஓடிச்சு. அதப் பாத்துகினுதான் இருந்தேன். எழுதிக்கிறன்னு நெனச்சேன்."

"எழுதினேன் அக்கா. வேற எழுதினேன்."

"நாங்க அளக்கத் தெரியாம சொல்லிட்டோம்னு நெனச்சியா?"

ஆமாம் என்று சொன்னேன். அவள் மறுபடி தறியை ஓட்ட ஆரம்பித்தாள். அதற்குப் பிறகு அன்று அவள் என்னிடம் பேசவில்லை. பல வாரம் பேசவில்லை.

மாமா சட்டையை மாட்டிக்கொண்டார். அவர் முகத்தில் கோபத்தைவிட அவசரம்தான் தெரிந்தது. "அந்த மனுஷன டீக்கடைல வச்சு நான்தான் அசிங்கப்படுத்தினேன். தம்பி வூட்டு வேல வேற போச்சு. முன்பணம் குடுத்து அஸ்திவாரமும் தோண்டிட்டாங்க, அதத் திருப்ப முடியாது. பேரயாச்சும் திருப்பணும்ல? கெளம்பு."

"எங்க மாமா?"

"டீக்கடைக்கு. ஞாயித்துக்கெழம, எல்லாரும் அங்கதான் இருப்பாங்க. நான் சொன்னா அவரக் காப்பாத்த சொல்றேன்னு பேசுவாங்க. நீ சொல்லு."

அவர் முன்னால் நடந்தார், நான் பின்னால். நூறு மீட்டர்கூட இருக்காது. கடையில் ஒரு பத்துப் பேர் இருந்தார்கள். பெஞ்சில் நான்கு பேர், கண்ணாடி டம்ளரோடு நின்றுகொண்டு மற்றவர்கள். அந்தக் கடையில் ஒரு பெண் வந்து நிற்பதே வழக்கமில்லை. பேச்சு தானாக நின்றது.

"இந்தப் பொண்ணு ஒண்ணு சொல்லணுமாம்" என்றார் மாமா.

"மேஸ்திரி மேல தப்பில்ல" என்றேன். பின்னால் நின்றவர்களுக்குக் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "மேஸ்திரி தப்பா பாக்கல. வரைபடத்துலயே மூணு மீட்டர்னுதான் போட்டிருந்தேன். அப்புறம் நான்தான் தாள மாத்தி வச்சேன்."

டீ ஆற்றுகிறவரின் கை நின்றது. பெஞ்சில் இருந்த வயதான நெசவாளர் ஒருவர், காது கொஞ்சம் மந்தம், கையைக் காதுக்குக் குவித்து, "மூணு மீட்டர்னா எத்தினி அடி?" என்று கேட்டார்.

"ஒன்பது அடி பத்து அங்குலம்."

"அவங்க எத்தினி கேட்டாங்க?"

"பதினோரு அடி."

"ஓ. அப்ப கணக்குல தப்பு பண்ணிட்ட."

மாமா என் பக்கம் திரும்பவில்லை. நான் ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் போதும், கணக்குத் தப்பு என்று எல்லோரும் டீயைக் குடித்துவிட்டுப் போயிருப்பார்கள்.

"இல்லீங்க, கணக்கு சரியாதான் போட்டேன்" என்றேன். "பதினோரு அடி வராதுன்னு தெரிஞ்சுதான் எழுதினேன்."

காதுக்குக் குவித்த கையை அவர் இறக்கவே இல்லை. கேட்காததால் இருக்குமோ என்று, அதே வார்த்தைகளை இன்னும் சத்தமாக மறுபடி சொன்னேன்.